ஆண்டு பொறித்த வெள்ளி: மேலைச் சத்ரபர் காசுகளைப் படிக்கும் முறை

பண்டைய இந்தியக் காசுகளைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் குப்தரின் பொற்காசுகளில்தான் தொடங்குகிறார்கள். அவற்றின் அழகு அப்படி. ஆனால் பொற்காசு பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவோ, எடை போடவோ, விளிம்பை உற்றுப் பார்க்கவோ வாய்ப்பில்லை. அதைவிடப் பெரிய குறை, அதில் ஆண்டு கிடையாது. முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசில் அரசன் பெயரே இருக்காது. குஷாணர் காசில் பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. சாதவாகனர் காசில் தாய்வழிப் பெயர் வரை கிடைக்கும், அங்கும் ஆண்டு இல்லை.

இத்தனை குறையையும் தீர்க்கும் காசு ஒன்று உண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல் எடை, பார்வைக்கு எளியது. குஜராத், சௌராட்டிரம், மாளவம், மகாராட்டிரத்தின் சில பகுதிகள் ஆகியவற்றைக் கி.பி. முதல் நூற்றாண்டு முதல் நான்காம் நூற்றாண்டின் கடைசி வரை ஆண்ட மேலைச் சத்ரபர்களின் வெள்ளிக் காசு அது. வெளியிட்டவர் பெயர், அவருடைய பதவி, அவருடைய தந்தையின் பெயர், தந்தையின் பதவி, அச்சடித்த ஆண்டு ஆகிய ஐந்தையும் ஒரே காசில் தரும் வழக்கம் அக்கால இந்தியாவில் வேறெந்த வமிசத்துக்கும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. நாணயவியல் கற்க வருகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படிக்கக் கற்றுக்கொண்டதும் பக்கத்து வமிசங்களின் காலமும் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

முதலில் காசைப் பார்ப்போம். குறுக்களவு 14 முதல் 17 மி.மீ. வரை, எடை பெரும்பாலும் 2 முதல் 2.4 கிராம் வரை. முன்பக்கத்தில் வலப்புறம் நோக்கிய அரசனின் தலை: மீசை, தொப்பி, கழுத்து வரை தொங்கும் முடி. தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள். தொடக்கக் காலக் காசுகளில் அவை உண்மையாகவே அரசன் பெயரைச் சொல்கின்றன. போகப் போக அச்சு வெட்டியவர்களுக்குக் கிரேக்கம் மறந்துவிட்டது, எழுத்துகள் வெறும் கோடும் வட்டமுமாகத் தேய்ந்து அலங்காரமாக நின்றுவிட்டன. ஆகவே பிற்காலக் காசில் அவற்றைப் படிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பின்பக்கத்தின் நடுவில் மூன்று வளைவு மலை. அதன் உச்சியில் பிறை, அடியில் ஆற்றைக் குறிக்கும் நெளிகோடு, ஒரு பக்கம் பிறைநிலா, மறுபக்கம் சூரியன். இவற்றைச் சுற்றி வட்டமாகப் பிராமி எழுத்துகள். மேலைச் சத்ரபரில் நெடுங்காலம் ஆண்ட கிளையைத் தொடங்கிய சஷ்டனரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஏறத்தாழ 250 ஆண்டுகள் இந்தச் சின்னத்தை மாற்றவேயில்லை. ஆகையால் சின்னத்தை வைத்து அரசனைச் சொல்ல முடியாது, எழுத்தைப் படித்தே ஆக வேண்டும்.

எழுத்தைப் படிக்கும் முறை இது. காசை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சையும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை நேர் மேலே பிடித்தால் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். மேசையை ஒட்டி, காசின் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் பிடியுங்கள். பிறகு விளக்கை அசைக்காமல் காசை மட்டும் மெல்லச் சுழற்றினால் ஒவ்வொரு எழுத்தாக நிழலோடு எழுந்து வரும். புகைப்படம் எடுப்பதற்கும் இதே முறைதான்.

பொறிப்பு கடிகாரச் சுற்றில் ஓடும். அதன் வாய்பாடு மாறுவதில்லை. முதலாம் ருத்ரசிம்மரின் காசை எடுத்துக்கொண்டால்: ‘ராஜ்ஞோ மஹாக்ஷத்ரபஸ ருத்ரதாமபுத்ரஸ ராஜ்ஞோ மஹாக்ஷத்ரபஸ ருத்ரஸீஹஸ’. அரசர் மகாசத்ரபர் ருத்ரதாமனின் மகனாகிய அரசர் மகாசத்ரபர் ருத்ரசிம்மருடையது என்று பொருள். சத்ரபர் என்பது பதவிப் பெயர், மகாசத்ரபர் அதற்கு மேற்பட்ட பதவி. ‘ராஜ்ஞோ’ இரண்டு முறை வருவதால் எங்கே தொடங்குவது என்று முதலில் குழப்பம் வரும். அதற்கு வழி, ‘புத்ரஸ’ என்ற மூன்று எழுத்துகளை முதலில் தேடுவது. அது கிடைத்துவிட்டால் அதற்கு முன்னால் இருப்பது தந்தை, பின்னால் இருப்பது மகன். காசு பாதி தேய்ந்திருந்தாலும் இந்த ஒரு கூறு கிடைத்தால் மீதியைக் கட்டிவிடலாம்.

பிழை எங்கே வருகிறது என்றால், உயிர்க்குறிகளில். எழுத்துகளின் தலை காசின் விளிம்பை நோக்கி இருக்கிறது. அச்சோ வெள்ளித் துண்டைவிடப் பெரியது. அதனால் ஓங்கி அடிக்கும்போது எழுத்தின் உடல் காசுக்குள் விழும், மேலே இருக்கும் இகர, ஏகாரக் குறி காசுக்கு வெளியே போய்விடும். ‘ருத்ரஸேன’, ‘ருத்ரஸீஹ’ இரண்டிலும் மூன்றாவது எழுத்து அப்போது வெறும் ‘ஸ’வாகவே தெரியும். அந்த எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த எழுத்து ‘ந’வா ‘ஹ’வா என்று பாருங்கள், அது சொல்லிவிடும். ‘தாம’வில் முடியும் பெயர்களிலும் இதே கதைதான். அரை எழுத்தை வைத்துப் பெயர் சூட்டுவதைவிட, உறுதியாகத் தெரிந்த எழுத்துகளை மட்டும் எழுதி, மற்ற இடங்களில் புள்ளி வைத்துவிடுவது நல்லது.

ஒரே பெயரில் பல அரசர்கள் இருப்பது இன்னொரு சிக்கல். இங்கேதான் தந்தை பெயரின் அருமை தெரிகிறது. ருத்ரசேனர் நால்வர்: ருத்ரசிம்மரின் மகன் என்றால் முதலாமவர், வீரதாமனின் மகன் என்றால் இரண்டாமவர், ஸ்வாமி ருத்ரதாமனின் மகன் என்றால் மூன்றாமவர், ஸ்வாமி சிம்மசேனனின் மகன் என்றால் நான்காமவர். ருத்ரசிம்மர் மூவர்: ருத்ரதாமன் மகன், ஸ்வாமி ஜீவதாமன் மகன், ஸ்வாமி சத்யசிம்மன் மகன். ‘ஸ்வாமி’ என்ற அடைமொழி கண்ணில் பட்டால் பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். இரண்டாம் ருத்ரதாமன் இன்னும் வியப்பானவர். அவர் வெளியிட்ட காசு எதுவும் தெரியவில்லை. மகன் மூன்றாம் ருத்ரசேனரின் காசில் ‘மகாசத்ரபர்’ என்று தந்தை பெயர் வருவதால் மட்டுமே அப்படி ஒருவர் இருந்தார் என்று நமக்குத் தெரிகிறது.

இனி ஆண்டு. அரசனின் தலைக்குப் பின்னால், அதாவது நாம் பார்க்கும்போது இடப்பக்கத்தில், சிறிய குறிகள் இருக்கும். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜீவதாமன், முதலாம் ருத்ரசிம்மர் காலத்தில் இந்த வழக்கம் தொடங்குகிறது. இவை இன்றைய எண்களைப் போல இடமதிப்பு கொண்டவை அல்ல. சுழியம் இல்லை. நூறுக்கு ஒரு குறி, இருபதுக்கு ஒரு குறி, ஆறுக்கு ஒரு குறி என்று தனித்தனியாக எழுதிக் கூட்ட வேண்டும். நூறு, பத்து, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறி வைத்து எழுதிய பழைய தமிழ் எண்முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே அத்தனை கிடைக்கோடுகள். நூறின் குறியோடு ஒரு சிறு கோடு சேர்ந்தால் 200, இரண்டு கோடு சேர்ந்தால் 300.

கிடைத்த எண், கி.பி. 78-இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கில் உள்ளது. அதோடு 78 கூட்டினால் கி.பி. ஆண்டு. சக ஆண்டு நம் மார்ச் வாக்கில் தொடங்குவதால் அதன் கடைசி மாதங்கள் அடுத்த கி.பி. ஆண்டில் விழும். சக 226 என்று படித்தால் கி.பி. 304–305 என்று எழுதுவதே சரி.

தேய்மானம் இங்கே பெரிய எதிரி. ஒரு கோடு அழிந்தால் மூன்று இரண்டாகிவிடும், அது ஓராண்டுப் பிழை. ஆனால் 200-இன் பக்கக் கோடு அழிந்தால் அது 100 ஆகிவிடும், ஒரு நூற்றாண்டே தவறிவிடும். அதனால் ஆண்டைத் தனியாகப் படித்து முடிவு செய்யவே கூடாது. பின்பக்கத்துப் பெயரோடு ஒப்பிட வேண்டும். பர்த்ருதாமனின் மகன் விசுவசேனன் என்று பின்பக்கம் சொல்லும்போது முன்பக்கம் 100 சொச்சம் என்று தோன்றினால், உங்கள் கண்ணிலிருந்து ஒரு கோடு தப்பிவிட்டது என்று பொருள். விசுவசேனன் காசுகள் கி.பி. 293 முதல் 304 வரை வந்தவை. அச்சின் உரு காசின் நடுவில் விழாமல் இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தால் ஆண்டே காசில் இருக்காது. முகம் முழுதாகத் தெரியும் காசைவிட, மூக்கு வெட்டுப்பட்டாலும் பின்தலைப் பக்கம் முழுதாக இருக்கும் காசைத்தான் படிப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பவர்கள் இதற்கு நேர்மாறாகவே விலை வைக்கிறார்கள். படிக்க விரும்புகிறவருக்கு அது நல்ல வாய்ப்பு.

இப்படிப் படித்த காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால் அரசியல் தெரியத் தொடங்கும். சத்ரபர் ஆட்சியில் ஒரே நேரத்தில் இருவர் காசு வெளியிட்டார்கள். மூத்தவர் மகாசத்ரபர், இளையவர் சத்ரபர். ஆட்சி தந்தையிடமிருந்து மகனுக்கு நேராகப் போகவில்லை, அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போயிற்று. முதலாம் ருத்ரசிம்மரின் மக்கள் ருத்ரசேனன், சங்கதாமன், தாமசேனன் மூவரும் அடுத்தடுத்து மகாசத்ரபர் ஆனார்கள். தாமசேனனின் மக்கள் யசோதாமன், விஜயசேனன், தாமஜதசிரி மூவரும் அதே போல. எந்தப் புராணமும் எந்தக் காவியமும் இந்த வரிசையைச் சொல்லவில்லை. 1908-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகக் காசுகளைப் பட்டியலிட்ட எட்வர்ட் ராப்சன் இந்தக் குடிவழியைக் கட்டியதில் பெரும்பங்கு காசுகளுக்குத்தான். அதற்கும் முன்பு, 1830-களில் பிராமி எழுத்தை உடைத்துப் படித்த ஜேம்ஸ் பிரின்செப் கையிலும் இதே சௌராட்டிரக் காசுகள் இருந்தன.

ஒழுங்கான இந்த வரிசையில் ஒருவர் மட்டும் பொருந்தாமல் நிற்கிறார். அவர் ஈசுவரதத்தர். அவர் காசில் தந்தை பெயர் இல்லை, சக ஆண்டும் இல்லை. ‘ராஜ்ஞோ மஹாக்ஷத்ரபஸ ஈச்வரதத்தஸ வர்ஷே ப்ரதமே’ என்று முதல் ஆண்டையும், ‘வர்ஷே த்விதீயே’ என்று இரண்டாம் ஆண்டையும் எழுத்தால் சொல்கிறது. அவ்வளவுதான், மூன்றாம் ஆண்டு வரவில்லை. வெளியிலிருந்து வந்து ஆட்சியைப் பிடித்து இரண்டு ஆண்டுகளில் வீழ்ந்தவர் என்பது தெளிவு. எப்போது என்பதில்தான் சண்டை. மகாசத்ரபர் காசுகள் இல்லாத இடைவெளியைத் தேடி ராப்சன் கி.பி. 236–239 என்று வைத்தார். வரலாற்றறிஞர் டி.ஆர். பண்டார்கர் 188–190 என்றார். சகத்தைக் கைவிட்டுத் தன் ஆட்சியாண்டை எழுதிய ஒரே முடிவால், தன் காலத்தையே அவர் நம்மிடமிருந்து மறைத்துவிட்டார். எனக்கு முகத்தின் பாணி, எழுத்தின் வடிவு இரண்டையும் ஒப்பிடும் முறையில்தான் நம்பிக்கை. இடைவெளியை வைத்து வாதிடுவது ஆபத்து, நாளை ஒரு புதையல் கிடைத்தால் அந்த இடைவெளி மூடிப்போகும்.

ஆண்டு இல்லாத காசு எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு நஹபானரைவிட நல்ல சான்று கிடையாது. அவர் சஷ்டனர் வழியினர் அல்லர், அதற்கு முந்தைய க்ஷஹராதர் குடி. அவர் காசின் பின்பக்கம் மலை இருக்காது, அம்பும் இடியாயுதமும் இருக்கும். பிராமி, கரோஷ்டி இரண்டு எழுத்திலும் ‘ராஜ்ஞோ க்ஷஹராதஸ நஹபானஸ’ என்று இருக்கும். முன்பக்கத்துக் கிரேக்க எழுத்தும் இதே சொற்களைத்தான் ஒலிபெயர்க்கிறது. பதவியாகச் சத்ரபர் என்றும் காசில் இல்லை, ஆண்டும் இல்லை. அவர் காலக் கல்வெட்டுகளில் 41 முதல் 46 வரை ஆண்டுகள் வருகின்றன. அதைச் சக ஆண்டு என்று கொண்டால் கி.பி. 119–124. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டு நடுவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல் வணிக வழிகாட்டி நூலான எரித்திரியக் கடல் பெரிப்ளஸ், பரிகாசா துறைமுகத்தை, அதாவது இன்றைய பரூச்சை, அடுத்த நாட்டின் அரசனாக இவர் பெயரையே சிதைந்த வடிவில் சொல்வதாக இன்று பலர் கொள்கிறார்கள். அப்படியானால் அந்த ஆண்டுகள் சக ஆண்டுகளாக இருக்க முடியாது. அரை நூற்றாண்டுக்கு மேல் வித்தியாசம்! காசில் மூன்று குறிகள் பொறித்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. நான் முதல் நூற்றாண்டின் பக்கமே சாய்கிறேன்.

அதே பெரிப்ளஸ் காசைப் பற்றி இரண்டு செய்திகள் தருகிறது. பரிகாசாவில் அப்பல்லோதோதஸ், மெனாந்தர் ஆகிய கிரேக்க அரசர்களின் பழைய வெள்ளிக் காசுகள் அப்போதும் புழங்கின என்பது ஒன்று. ரோமப் பொன், வெள்ளிக் காசுகளைக் கொண்டுவந்து உள்ளூர்க் காசாக மாற்றினால் லாபம் என்பது மற்றொன்று. இந்தோ-கிரேக்கரின் சிறிய வெள்ளிக் காசு 2.4 கிராம் அளவில் இருந்தது. சத்ரபர் காசின் எடையும், தலையும், கிரேக்க எழுத்தும் எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சந்தை பழகிய காசின் உருவிலேயே புதிய காசை அடித்தார்கள்.

இந்தக் காசால் என்ன வாங்க முடிந்தது? நஹபானரின் மருமகன் உஷவதாதர் நாசிக் 10-ஆம் குகையில் கணக்கே எழுதி வைத்திருக்கிறார். பிக்குகளுக்காகக் கார்ஷாபணம் என்ற பெயரில் வழங்கிய 3,000 காசுகளை நெசவாளர் சங்கங்களில் நிரந்தர வைப்பாக இட்டார். 2,000-ஐ ஒரு சங்கத்தில் நூற்றுக்கு மாதம் 1 வட்டிக்கும், 1,000-ஐ இன்னொரு சங்கத்தில் நூற்றுக்கு மாதம் முக்கால் வட்டிக்கும் போட்டார். முதல் வைப்பின் வட்டி, மழைக்காலத்தில் அந்தக் குகையில் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 வீதம் ஆடைக்கு. போட்டுப் பாருங்கள்: 2,000-க்கு மாதம் 20, ஆண்டுக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் அதே 240. ஒரு காசு மிச்சமில்லை. அதே கல்வெட்டு 70,000 கார்ஷாபணம் 2,000 பொன்னுக்குச் சமம், ஒரு பொன்னுக்கு 35 என்கிறது. கார்ஷாபணம் என்பது நஹபானரின் 2.1 கிராம் வெள்ளிக் காசு என்றும், பொன் என்பது ஏறக்குறைய 8 கிராம் பொற்காசு என்றும் கொண்டால், எடைக்கு எடை பொன்னின் மதிப்பு வெள்ளியைப் போல ஒன்பது மடங்கு. இரண்டும் ஊகங்கள் என்பதை மறக்காமல் இந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டும்.

நஹபானரை வீழ்த்தியவர் சாதவாகன கௌதமிபுத்திர சாதகர்ணி. அதற்கான மிக உறுதியான சான்று 1906-இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் கிடைத்த புதையல். 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள், எல்லாம் நஹபானருடையவை. அவற்றில் 9,000-க்கும் மேற்பட்டவற்றின்மேல் கௌதமிபுத்திரர் தன் அச்சை மறுபடி அடித்திருந்தார். உருக்கவில்லை, சூடாக்கி அடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் வளைவு மலையும் அவர் பெயரும், மறுபக்கம் நான்கு வட்டங்களைச் சிலுவைக் கோடு இணைக்கும் உஜ்ஜயினிக் குறி. இத்தகைய காசு கையில் கிடைத்தால் மேலச்சை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். உஜ்ஜயினிக் குறியின் வட்டங்களுக்கு இடையில் நஹபானரின் மூக்கோ கன்னமோ எட்டிப் பார்க்கும். விளிம்பில் கிரேக்க எழுத்து இரண்டு மிஞ்சியிருக்கும். பின்பக்கம் அம்பின் கூர் தெரியும். கீழச்சு தெளிவாகத் தெரியும் காசுக்கே சான்று மதிப்பு அதிகம். கௌதமிபுத்திரரின் தாய் கௌதமி பலசிரி நாசிக் 3-ஆம் குகையில் தன் மகனை ‘க்ஷஹராதர் குடியை வேரறுத்தவன்’ என்று எழுதினார். கல்லில் எழுதிய பெருமையைக் காசு ஒன்பதாயிரம் முறை உறுதி செய்கிறது.

ஆனால் சாதவாகனர் தாம் தோற்கடித்தவரிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். அதுவரை அவர்கள் ஈயத்திலும் செம்பிலும் மலை, யானை, உஜ்ஜயினிக் குறி என்று அடித்தவர்கள். இப்போது சத்ரபர் எடையில், சத்ரபர் பாணியில், அரசன் தலை பொறித்த வெள்ளிக் காசு வெளியிட்டார்கள். தமிழ் வாசகர் இந்தக் காசில் நின்றே ஆக வேண்டும். வாசிட்டிபுத்திர புளுமாவியின் காசில் முன்பக்கம் பிராகிருதத்தில் ‘ரஞோ வாஸிடிபுதஸ ஸிரி புளுமாவிஸ’. பின்பக்கம், உஜ்ஜயினிக் குறியையும் மலையையும் சுற்றி, ‘அரஹணகு வாஹிட்டி மாகணகு திரு புளுமாவிகு’ என்று படிக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்துப் பாட வேறுபாடு உண்டு. ஆனால் ‘மகன்’ என்ற உறவுச் சொல்லும், ‘திரு’வும், ‘கு’ உருபும் ஐயத்துக்கு இடமின்றித் தென்னாட்டு மொழி ஒன்றைக் காட்டுகின்றன. அது தமிழா, தமிழின் உறவுமொழி ஒன்றா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. யக்ஞ சாதகர்ணி காசில் ‘ஸிரி’ ‘ஹிரு’வாகவும், ‘ஸாதகணி’ ‘ஹாதகணி’யாகவும் மாறி வருவதைப் பார்க்கும்போது சகரம் ஹகரமாகத் திரியும் ஒரு பேச்சுமொழி பின்னால் இருப்பது புலப்படுகிறது. இதைத் தமிழ்க் காசு என்று கொண்டாடும் அவசரம் வேண்டாம். அரசாங்கக் காசில் பிராகிருதத்துக்குச் சமமாக ஒரு திராவிட மொழிக்கு இடம் கொடுத்தார்கள் என்பதே போதுமான பெரிய செய்தி.

சத்ரபர், சாதவாகனர் இரு வமிசங்களும் ஒரே காலத்தில் வாழ்ந்ததற்குக் கிரேக்க நிலநூலாசிரியர் தாலமியும் சான்று. உஜ்ஜயினியில் தியாஸ்தனேஸ், பைத்தானில் சிரோ தோலெமையோஸ் என்று அவர் குறிப்பது சஷ்டனரையும் ஸ்ரீ புளுமாவியையும்தான். சஷ்டனரின் பேரன் முதலாம் ருத்ரதாமன், சக 72-ஐச் சேர்ந்த ஜூனாகட் கல்வெட்டில், தட்சிணாபதத்தின், அதாவது தக்காணத்தின், தலைவன் சாதகர்ணியை இரண்டு முறை வென்றும் நெருங்கிய உறவு என்பதால் அழிக்காமல் விட்டதாகச் சொல்கிறார்.

சத்ரபர் கதையின் முடிவும் காசில்தான் எழுதியிருக்கிறது. கி.பி. 295 வாக்கில் மகாசத்ரபர் பட்டம் காசுகளிலிருந்து மறைகிறது. 304-இல் விசுவசேனனோடு சஷ்டனரின் நேர்வழி நின்று, ஸ்வாமி ஜீவதாமன் மகன் ருத்ரசிம்மரின் புதிய கிளை வருகிறது. 348-இல் மூன்றாம் ருத்ரசேனரின் காசில் மகாசத்ரபர் பட்டம் மறுபடி வருகிறது. கடைசியாக மூன்றாம் ருத்ரசிம்மர். அவர் காசில் ராப்சன் படித்த ஆண்டு சக 310-ஐ ஒட்டியது, அதாவது 388 வாக்கில். பிறகு அதே அளவு, அதே எடை, அதே தலை, தலைக்குப் பின்னால் அதே இடத்தில் ஆண்டு. பின்பக்கம் மட்டும் மலைக்குப் பதில் கருடன், ‘பரமபாகவத மஹாராஜாதிராஜ ஸ்ரீ சந்த்ரகுப்த விக்ரமாதித்ய’. ஆண்டு இப்போது குப்த ஆண்டு, 90-ஐ ஒட்டியது, 319 கூட்டினால் 409. குப்தர் மாளவத்தையும் குஜராத்தையும் பிடித்தது இந்த இருபது ஆண்டுச் சொச்ச இடைவெளிக்குள் என்று சொல்ல முடிவது, இரு தரப்பும் காசில் ஆண்டு எழுதியதால்தான். குப்தர்கள் முதன்முதலாக வெள்ளிக் காசு அடித்ததும் இங்கே வந்த பிறகுதான். பிறகு தெற்கு குஜராத்தில் திரைகூடகர்களும் இதே மலைச் சின்னத்தை வைத்துக் காசு அடித்தார்கள். சின்னத்தைப் பார்த்ததும் சத்ரபர் என்று முடிவு கட்டினால் இவர்களிடம் ஏமாந்துபோவோம்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரணச் சத்ரபர் காசைப் போலி செய்வதில் பெரிய லாபமில்லை. ஈசுவரதத்தர், கௌதமிபுத்திரர் மறு அச்சு, சாதவாகனரின் தலைக் காசு போன்ற அரிய வகைகளில்தான் விழிப்பு தேவை. வார்ப்புப் போலியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: இரு பாதி அச்சு சேர்ந்த கோடோ, அதை அரம் போட்டு மறைத்த கீறலோ இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரங்கள் மழுங்கி இருக்கும். அடித்த காசின் விளிம்பில் வெடிப்பு இருப்பது இயல்பு, அதைக் குறையென்று எண்ண வேண்டாம். ஒரே கீறல், ஒரே குழி இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். புதிய அச்சு வெட்டி அடிக்கும் போலிக்கு வேறு சோதனை: பெயர், பதவி, ஆண்டு மூன்றும் பொருந்துகின்றனவா? சத்ரபராக மட்டுமே அறியப்பட்ட விசுவசேனனுக்கு ‘மகாசத்ரபர்’ பட்டம் இருந்தால் அது ஒன்று பெரிய கண்டுபிடிப்பு, இல்லையேல் போலி. பின்னதற்கே வாய்ப்பு அதிகம்.

தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பார்க்கும் முறை நல்லதுதான், ஆனால் இவ்வளவு சிறிய காசில் தராசுதான் முடிவு செய்கிறது. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96, ஈயம் 11.34. 2.20 கிராம் காசு தண்ணீரில் 0.21 கிராம் எடை இழந்தால் 2.20-ஐ 0.21-ஆல் வகுத்து 10.48, நல்ல வெள்ளி. தராசு 0.01 கிராம் பிசகினால்? இழப்பு 0.22 என்று காட்டினால் அடர்த்தி 10.0, 0.20 என்று காட்டினால் 11.0. ஒரே காசு ஒரு முறை கலப்படமாகவும் மறுமுறை ஈயம் கலந்ததாகவும் தெரியும். ஆகவே 0.001 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். காசை மெல்லிய நைலான் இழையில் தொங்கவிட்டு, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் குமிழி ஒட்டாது. ஒட்டிய ஒரு குமிழியே கணக்கைக் கெடுத்துவிடும்.

சுத்தம் செய்வதில்தான் அதிகக் காசுகள் பாழாகின்றன. வெள்ளிப் பாத்திரத்துக்குப் போடும் விபூதி, புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் காசின் பக்கம் வரக் கூடாது. பற்பசையும் விபூதியும் தேய்த்து எழுத்தின் ஓரத்தை எடுத்துவிடும். புளிப்பு, வெள்ளியோடு கலந்த செம்பை அரித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, நீரை மாற்றி மறுபடி ஊறவிட்டு, மண் இளகியதும் மரப் பல்குச்சியின் முனையால் எழுத்துக்கு வெளியே மட்டும் மெல்லத் தள்ளுங்கள். பச்சை படிந்து பல காசுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், அது ஆய்வகத்து வேலை. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளிக்குள் செம்பு தனியே பிரிந்து உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். தரையில் விழுந்தால் பிஸ்கட் போல உடையும். பி.வி.சி. உறையில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பசை படியும். அமிலமற்ற தாள் உறை போதும், அதோடு ஒரு சிறு சீட்டு: எடை, குறுக்களவு, படித்த எழுத்து, படிக்க முடியாத இடத்துப் புள்ளி, எங்கிருந்து வந்தது.

‘எங்கிருந்து வந்தது’ என்பதில் சட்டமும் இருக்கிறது. மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதை வணிகமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். உழும்போது ஒரு சட்டி காசு கிடைத்து, அது நாலு பேருக்குப் பங்காகிச் சந்தைக்கு வந்தால், எந்தக் காசு எதனோடு கிடந்தது என்ற செய்தி அன்றே அழிந்துவிடும். ஜோகல்தெம்பிக் காசுகள் சிதறிப் போயிருந்தால், கீழச்சும் மேலச்சும் எந்த விகிதத்தில் இருந்தன என்பதை இன்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் நாசிக்கே நல்ல இடம். பாண்டவலேணிக் குகைகளில் உஷவதாதர் கணக்கையும் பலசிரியின் கல்வெட்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அங்கிருந்து திரியம்பகம் போகும் வழியில் ஆஞ்சநேரியில் நாணயவியல் ஆய்வு நிறுவனமும் அதன் காட்சிக்கூடமும் இருக்கின்றன. குகைக்குப் போகும்போது 10-ஆம் எண்ணை முதலில் பாருங்கள், 3-ஆம் எண்ணைப் பிறகு. நஹபானர் தரப்பைக் கேட்டுவிட்டு அவரை வென்றவரின் தாயிடம் வருவதுதான் காசுகளின் வரிசை.